என் கிட்னியும் பளீலாவின் கிணறும்

22 ஜனவரி 2023

வெட்கத்தை விட்டு முதலில் இதை எழுதிவிடுகிறேன். முந்தல் ஊரில் இன்று ஒரு கல்யாண வீடு, மணப்பெண் அலங்காரம் என் தொழில். மணப்பெண்ணின் கொண்டையில் கடைசிப் பூவைச் செருகக் கைகளைத் தூக்கியபோது என் சட்டையின் இரண்டு கைகளும் ஒன்றாகக் கிழிந்தன. சத்தம் வெளியே மேளக்காரனுக்கே கேட்டிருக்கும். அறை நிறைய மணப்பெண்ணின் பெரியம்மாமாரும் மாமிமாரும். "இந்தக் காலத்துத் தையல்காரிகளுக்கு நூலிலும் கஞ்சத்தனம்" என்று நான் உரத்துத் திட்டினேன். எல்லோரும் ஓம், ஓம் என்று தலையாட்டினார்கள். யார் தைத்தது என்று ஒரு மாமி கேட்டார். மதுரங்குளியில் ஒருத்தி என்றேன்.

தைத்தது நான். போன தீபாவளிக்கு. அப்போது அளவு சரியாக இருந்தது.

மணப்பெண்ணுக்கென்று கொண்டுபோன சால்வையை நான் போர்த்திக்கொண்டு அவளை நல்லபடியாக அலங்கரித்து வெளிக்கிடுத்தி அனுப்பிவிட்டு வந்தேன். வீட்டில் காலைப் பார்த்தால் செருப்பு வார் பதிந்த இடம் வாய்க்காலாகக் கிடக்கிறது. விரலால் அமுக்கினால் குழி. விரலை எடுத்த பிறகும் குழி. கொழுப்பு இப்படி இருக்காது. என் கொழுப்பை எனக்குத் தெரியும்.

26 ஜனவரி

இன்னொரு வெட்கம். சலம் போனால் நுரைக்கிறது, சவர்க்காரத் தூள் கரைத்த வாளி மாதிரி. கழிவறையை யாரோ சரியாகக் கழுவாமல் விட்டிருக்கிறார்கள் என்று கோபப்பட்டேன். இந்த வீட்டில் கழுவுவதும் நான், கழுவாமல் விடுவதும் நான். என் புருஷன் இராமநாதன் போய்ச்சேர்ந்து பதின்மூன்று வருடம்.

அவர் எனக்கு விட்டுப்போன சொத்து: ஒரு தையல் மெஷின், ஆலங்குடாவில் இந்த மணல் ஒழுங்கையில் இரண்டு அறை வீடு, இரத்தத்தில் எச்.ஐ.வி. மெஷின்தான் அடிக்கடி பழுதாகும். மற்றது ஒழுங்கானது. இரவில் ஒரு குளிசை, இடைக்கிடை கொழும்பில் பெயர்ப்பலகை இல்லாமல் இலக்கம் மட்டும் போட்ட ஓர் அறை, அங்கே டொக்டர் சுதர்சனா. அவ்வளவுக்கும் அது அடங்கிக் கிடக்கிறது. சோதித்தாலும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அமைதியாகிவிட்டதாம். என்னைப் பற்றி அப்படி ஒருவரும் சொன்னதில்லை.

ஊரைப் பொறுத்தவரை நான் கொழும்புக்குப் போவது கல்யாணச் சாமான் வாங்க. ஆகவே ஒவ்வொரு முறையும் எதையாவது காவிக்கொண்டு வரவேண்டும். அலுமாரியைத் திறந்தால் பிளாஸ்டிக் மல்லிகை தலையில் கொட்டுகிறது.

3 பெப்ரவரி

பக்கத்து வீட்டுப் பளீலா என் காலைக் கண்டுவிட்டாள்.

பளீலா தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவள். நான் முல்லைத்தீவுப் பக்கமிருந்து அதற்குப் பிறகு ஓடி வந்தவள். எங்களில் யார் மூத்த அகதி என்று ஒரு போட்டி உண்டு. அவள்தான் எப்போதும் வெல்லுவாள். இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு கிணறு. வேலி கிணற்றுக் கட்டோடு வந்து நின்றுவிட்டு மறுபக்கம் தொடர்கிறது. பாதிக் கிணறு அவளுடையது, பாதி என்னுடையது. ஒழுங்கையின் செய்திகள் அங்கேதான் தயாராகும். அவள் சேகரிப்பாள், நான் மெருகு போடுவேன்.

"அல்லாஹ்வே! இதென்ன சரோ கால்? உரல் மாதிரி!"

"உன்ட புரியாணி இறங்கினது."

"பகிடிய வுடு. மூஞ்சும் வீங்கிக் கிடக்கு. வெளிக்கிடு, டொக்டர்ட்ட போவம்."

இழுத்துக்கொண்டு போனாள். கல்பிட்டி டொக்டர் சலத்தைச் சோதித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். புரதம் முழுக்க வெளியே போகிறதாம். கிட்னி. பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகச் சொன்னார்.

கிட்னி! என்ன மரியாதையான சொல். நடு ஒழுங்கையில் நின்று சொல்லலாம். இத்தனை வருடமாக ஒரு நோயை வாய்க்குள் அடைத்து வைத்திருந்தவளுக்கு, வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு வருத்தம் லொத்தர்ப் பரிசு மாதிரி விழுந்திருக்கிறது. பொழுது படுமுன் ஆறு வீட்டுக்குச் சொன்னேன். சில வீடுகளில் தேத்தண்ணியும் தந்தார்கள்.

14 பெப்ரவரி

காதலர் தினத்தைக் கிட்னிக் கிளினிக்கில் பளீலாவோடு கொண்டாடினேன். பாலாவியில் பஸ் மாறும்போதே அவள் எனக்கு இருக்கை பிடித்து, பக்கத்தில் இருந்தவரிடம் என் நோயின் வரலாற்றை முடித்துவிட்டாள்.

கிளினிக் கதவில் நர்ஸ் மிஸ் கையை நீட்டி மறித்தார். "பேஷண்ட் மட்டும்."

"நான் அவட சொந்தம்."

மிஸ் அவளுடைய முக்காட்டையும் என் பொட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொந்தம்?"

"கிணத்தால சொந்தம்" என்றபடி பளீலா உள்ளே போய்விட்டாள். நான்தான் பின்னால் போனேன்.

டொக்டர் டிலான் இளம் பிள்ளை, சிங்களவர். வவுனியாவில் வேலை செய்தபோது பிடித்த தமிழ் கொஞ்சம் வைத்திருக்கிறார். "அம்மாவுக்கு வேற வருத்தம் இருக்கா? வேற குளிசை ஏதும் எடுக்கிறதா?"

நான் வாய் திறக்குமுன் பளீலா பதில் சொன்னாள். "ஒண்டுமில்ல டொக்டர். தலையிடிக்குப் பரசிட்டமோலும் போட மாட்டா. அவ்வளவு பிடிவாதம்."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் பிடிவாதமாகத் தலையாட்டினேன்.

தொலைபேசி இலக்கம் கேட்டார்கள். என் போனுக்கு ஒழுங்கைக்குள் சிக்னல் கிடைக்காது. பளீலாவின் இலக்கத்தைக் கொடுத்தேன்.

15 பெப்ரவரி

இரவுக் குளிசை போட்டேன். பரசிட்டமோலும் போடாதவள்.

8 மார்ச்

நேற்று முதுகுப்பக்கமாக ஊசி விட்டுக் கிட்னியில் ஒரு நூல் துண்டளவு சதை எடுத்தார்கள். அதற்கு முன் மிஸ் ஒரு கட்டுக் காகிதத்தைச் சிங்களத்தில் கடகடவென்று வாசித்தார். இரத்தப் பரிசோதனைகள் என்று மட்டும் பிடிபட்டது. காட்டிய இடமெல்லாம் கையெழுத்து வைத்தேன். என் காணியை எழுதிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். குப்புறப் படுத்திருப்பவளுக்குப் பேரம் பேச வராது.

இன்று வீட்டுக்கு வந்தால் ஒழுங்கை மாறிக் கிடக்கிறது. வாசலுக்கு வாசல் நீல நிறப் பெரிய தண்ணீர்ப் போத்தல்கள். தோட்டங்களுக்குப் போடும் உரம் மணலுக்குள்ளால் கிணறுகளுக்கு வந்துதான் சரோக்காவுக்குக் கிட்னி போனதாம். எங்கள் கிணற்றில் இனி யாரும் அள்ளுவதில்லை. தேத்தண்ணி தந்த வீடுகளில் இன்று உட்காரக் கதிரையும் தரவில்லை.

எச்.ஐ.வியைச் சொன்னால் என்னைவிட்டு ஓடுவார்கள் என்று பயந்தேன். கிட்னியைச் சொன்னேன், கிணற்றை விட்டே ஓடிவிட்டார்கள்.

பளீலா மட்டும் வந்து குனிந்தபடி கேட்டாள்: "சரோ, எங்கட கக்கூஸ் குழி கிணத்துக்குக் கிட்டத்தான? அபூசாலி அப்பவே தள்ளி வெட்டலாம் எண்டாரு. நான்தான் மழைக்குள்ள நடக்க ஏலா எண்டு கிட்ட வெட்டச் சொன்னன்."

அபூசாலி அவள் புருஷன், கருவாட்டு யாவாரி. அந்த மனிசன் வாய் திறப்பதே வருடத்தில் இரண்டு பெருநாளுக்குத்தான். அவர் சொன்ன ஒரு நல்ல யோசனையும் இப்போது அவளைக் குத்துகிறது.

"சும்மா இரு" என்றேன். வேறு என்ன சொல்ல?

28 மார்ச்

கிளினிக். நோன்பு காலம். தண்ணீரும் குடிக்காமல் பளீலா வெயிலில் கூட வந்தாள். கதவில் மறுபடி "பேஷண்ட் மட்டும்." மறுபடி அவள் முதலில் உள்ளே.

சதைத் துண்டின் முடிவு வந்துவிட்டது. டொக்டர் டிலான் பொறுமையாகச் சொன்னார். "அம்மா, உடம்புக்குள்ள ஒரு படை இருக்கு. கிருமி வந்தால் அடிக்கிறதுக்கு. உங்கட படை, கிட்னியையே எதிரி எண்டு நினைச்சு அடிக்குது."

வன்னியிலிருந்து வந்தவளுக்கு இதை அவ்வளவு நேரம் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

படையை அடக்க மருந்து இருக்கிறதாம். ஸ்டெரொயிட், அதோடு இன்னொரு பலமான குளிசை. ஆனால் இன்றைக்கு இல்லை. நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும், இன்னும் சில முடிவுகள் பார்க்க வேண்டும். அதுவரை வீக்கம் வற்ற ஒன்று, பிரஷருக்கு ஒன்று. உப்பைக் குறைக்கட்டாம். உப்பளத்துக்கு நடுவால் பஸ்ஸில் வந்தவளிடம் சொல்கிறார்.

"வேற குளிசை ஒண்டும் இல்லையா அம்மா?" மறுபடி அதே கேள்வி. பளீலாவின் தோள் என் தோளோடு உரசிக்கொண்டிருந்தது.

"இல்லை டொக்டர்."

அவர் பேனையை மூடி வைத்துவிட்டு எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமை. கிட்னி போய்க்கொண்டிருக்கிறது, இவர் யோசிக்கிறார்.

ஆனால் நானும் பஸ்ஸில் யோசித்தேன். பதின்மூன்று வருடமாக டொக்டர் சுதர்சனா ஒவ்வொரு எண்ணாக என் படையைக் கட்டி எழுப்பினார். இந்தப் பிள்ளை அதை அடக்கப்போகிறார். அவர் கட்டியது இவருக்குத் தெரியாது; இவர் உடைக்கப்போவது அவருக்குத் தெரியாது. நடுவில் இருக்கும் நான் இரண்டு பேரிடமும் தலையாட்டுகிறேன். நாடுகள் இப்படித்தான் நாசமாய்ப்போகும்.

2 ஏப்ரல்

பளீலாவின் மகள் நஸ்லாவுக்குப் புத்தளம் டவுனில் சம்பந்தம் பேசி, பெருநாளுக்குப் பிறகு நாள் குறிக்க இருந்தார்கள். மாப்பிள்ளை நௌஃபர், போன் கடை வைத்திருக்கிறார். எனக்கும் நல்ல பொடியனாகத்தான் தெரிந்தது. நானே விசாரித்து, அவருடைய பள்ளிக்கூடத்துக் காதல் வரைக்கும் தோண்டிப் பார்த்து, பரவாயில்லை என்று பாஸ் போட்ட பொடியன்.

இன்று மாப்பிள்ளையின் உம்மா றம்லாவிடமிருந்து செய்தி. "அந்த ஒழுங்கைல கிட்னி வருத்தமாம. புள்ளயும் அந்தத் தண்ணியக் குடிச்சித்தான வளந்திச்சி? இரத்தம் சோதிச்சிப் பாத்துட்டுப் பேசுவம்."

நஸ்லா கிணற்றடியில் நின்று கத்தினாள். "சோதிக்கிறண்டா மாப்பிள்ளையும் சோதிக்கட்டும்! அவங்கட வீட்டுப் பூனையையும் சோதிக்கட்டும்!" பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. சத்தமில்லாமல் அழுகிற பிள்ளை இல்லை அவள்.

பளீலா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

3 ஏப்ரல்

கிணற்றில் ஒன்றுமில்லை. எனக்குத் தெரியும். என் படை என் கிட்னியை அடிக்கிறது, அது டொக்டர் சொன்னது. பளீலாவும் பக்கத்தில் இருந்து கேட்டாள். "படைக்கு ஏன் விசர் பிடிச்சது? தண்ணியாலதான்" என்கிறாள். தண்ணீர் இல்லை, என் இரத்தத்தில் கிடப்பதாக இருக்கலாம் என்று நான் சொல்ல வேண்டும். சொல்லவா?

சொன்னால் யார் என்னைக் கொண்டு பொம்பிளை வெளிக்கிடுத்துவார்கள்? மணப்பெண்ணின் முகத்தைத் தொட விடுவார்களா?

சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மணப்பெண்ணாகவே நாள் வராது.

என்ன சீவியமடா இது.

11 ஏப்ரல்

கொழும்பு. இலக்க அறை. டொக்டர் சுதர்சனாவிடம் கடைசியில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர். இன்று உயர்த்தினார்.

"ரெண்டு மாதமாக் கிட்னிக் கிளினிக் போறீங்கள், அவைக்கும் சொல்லேல்லை, எனக்கும் சொல்லேல்லை? ஆரிட்டத்தான் அக்கா சொல்லுவீங்கள்?"

"ஊருக்குச் சொன்னனான் டொக்டர். கிட்னியை மட்டும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். நான் இரவில் போடும் குளிசைக்குள் கலந்திருக்கும் மருந்துகளில் ஒன்று, நோய் பிடித்த கிட்னிக்கு நல்லதில்லையாம். மாற்ற வேண்டும். எந்த மருந்துக்கு மாற்றுவது என்பதையும் அந்த டொக்டர் தரப்போகும் ஸ்டெரொயிட்டோடு சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

"எனக்கு அந்தப் படையை அடக்கிற மருந்து தரலாமா டொக்டர்? எனக்கெண்டால் ஏற்கெனவே..."

"தாராளமாத் தரலாம். உங்கட வைரஸ் அடங்கி இருக்கு, எண்ணிக்கை நல்லா இருக்கு. கவனமாக் குடுக்க வேணும், அவ்வளவுதான். சளிக் காய்ச்சல் வராமல் இன்னொரு குளிசை சேர்ப்பினம், ரத்தத்தை அடிக்கடி பாப்பினம். எச்.ஐ.வி இருக்கிற ஆளுக்கு வேற வருத்தம் வராது எண்டு சட்டமும் இல்லை, வந்தால் மருந்து குடுக்கக் கூடாது எண்டு சட்டமும் இல்லை. ஆனால் நாங்கள் ரெண்டு பேரும் கதைக்காமல் ஏலாது. கதைக்காட்டிக் கிட்னி போகும். பிறகு இரத்தம் கழுவுற மெஷின்தான், கிழமைக்கு மூண்டு தரம்."

அவர் போனைக் கையில் எடுத்தார். "நான் இண்டைக்கே அந்த டொக்டருக்கு எடுக்கட்டா அக்கா?"

"வேண்டாம். நானே சொல்லுறன்."

வரும் வழியில் பழக்க தோஷத்தில் இரண்டு முழம் பிளாஸ்டிக் மல்லிகை வாங்கினேன்.

18 ஏப்ரல்

இன்று நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

பளீலாவைக் கூட்டிப்போவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். விடிய முன்னர் நோன்புக்கான சஹர் சாப்பாட்டை முடித்துவிட்டு என் படலை வாசலில் நின்றாள். கிளினிக்கில் "நீ வெளியில இரு, வெயில், நோன்பு" என்றேன். மிஸ் இந்த முறை கதவுக்குக் குறுக்கே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். "பேஷண்ட் மட்டும்! பேஷண்ட் மட்டும்!" பளீலா கதிரையைச் சுற்றி வந்தாள்.

உள்ளே நான் வாய் திறப்பதற்குள் அவள் தொடங்கிவிட்டாள். சிங்களத்திலும் தமிழிலும் கலந்து, அழுதபடி. "டொக்டர், எல்லாம் என்ட பிழ. எங்கட கக்கூஸ் குழிதான் கிணத்துக்குக் கிட்ட. நான்தான் வெட்டச் சொன்னன். இவட கிட்னிய நான்தான் கெடுத்தன். என்ட புள்ளட இரத்தத்தயும் பாத்துத் தாங்க. வேணுமெண்டா என்ட கிட்னில ஒண்ட இவக்கு எடுங்க."

நோன்போடு, வறண்ட வாயோடு, அந்த விசரி தன் கிட்னியைத் தருகிறேன் என்கிறாள். கக்கூஸ் குழிக்காக.

"எனக்கு எச்.ஐ.வி இருக்கு டொக்டர்" என்றேன். "பதின்மூண்டு வருஷமா. கொழும்பில மருந்து எடுக்கிறன். ஒவ்வொரு இரவும்."

இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை. அவர் இரண்டடி தூரத்தில்தான் இருந்தார்.

டொக்டர் டிலான் ஒரு பெரிய மூச்சு விட்டார். "தெரியும் அம்மா."

"என்னது?"

"ஊசி போட முன்னம் இரத்தம் எடுத்தது. நீங்க கையெழுத்து வைச்சீங்க. மார்ச் கடைசியில முடிவு வந்தது. அதுக்காகத்தான் பலமான மருந்து இன்னும் தொடங்கேல்ல. உங்களைத் தனியாகப் பிடிக்க ஏலாமல் போச்சு. வெளியில மிஸ் ஒவ்வொரு நாளும் சண்டை பிடிக்குது. ரெண்டு தரம் போன் பண்ணினது. இந்த அம்மா எடுத்து, 'நான்தான் எல்லாத்துக்கும் பொறுப்பு, என்னட்ட சொல்லுங்க' எண்டு சொல்றது. எங்களுக்கு வேற ஆளுக்குச் சொல்ல ஏலாது."

நான் ஆமை என்று எழுதிய மனிதன்.

பளீலா முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, டொக்டரைப் பார்த்தாள்.

"அப்ப... கிணறு இல்லயா?"

"கிணறு இல்லை."

"குழியும் இல்லயா?"

"இந்த வருத்தத்துக்கும் குழிக்கும் சம்பந்தம் இல்லை அம்மா."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவள் முகத்தில் பெருநாளுக்கும் கண்டதில்லை. என் வாழ்க்கையின் மிகப் பெரிய இரகசியத்தை வெளியில் எடுத்து வைத்தேன். அது அவளுக்கு நற்செய்தி.

டொக்டர் அங்கேயே கொழும்புக்குப் போன் எடுத்தார். இரண்டு டொக்டர்மாரும் இங்கிலீஷில் என்னைப் பற்றி நீண்ட நேரம் வம்பளந்தார்கள். பழைய குளிசையை மாற்றுவதென்றும், புது மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று இரத்தம் பார்த்துவிட்டு ஸ்டெரொயிட் தொடங்குவதென்றும் முடிவு. பேச்சுவார்த்தை வெற்றி.

பஸ்ஸில் பளீலா ஜன்னல் பக்கம் இருந்தாள். பாலாவி வரைக்கும் ஒரு சொல் இல்லை. பளீலா பேசாமல் இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவை.

19 ஏப்ரல்

பளீலா கிணற்றடிக்கு வரவில்லை.

20 ஏப்ரல்

வரவில்லை. அவள் வாளியும் இல்லை. எடுத்துப் போய்விட்டாள்.

நேற்றுப் புதுக் குளிசை தொடங்கினேன். தலை சுற்றுகிறது. மருந்தாலா, வாளியாலா?

22 ஏப்ரல்

பெருநாள். காலையில் வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் வந்தது. பெருநாள் இனிப்பு, வட்டிலப்பம். பின்னால் பளீலாவின் முகம்.

"மூணு நாளா யோசிச்சன்" என்றாள்.

"என்னண்டு?"

"முதல் நாள் பயந்திட்டன், பொய் சொல்லல. நஸ்லா உன்ட மடியிலதான வளந்தா. நீ சாப்பிட்டுத் தந்த மிச்சம் எல்லாம் திண்டவள். அவள்ட்ட கேட்டன். அவள் போன்ல தேடி எனக்குப் பாடம் நடத்தினாள். தொட்டா ஒண்டும் இல்ல, திண்டா ஒண்டும் இல்ல, கிணத்தடியில கூடி இருந்து ஊர் கதச்சா ஒண்டும் இல்ல."

"அப்ப ரெண்டாம் நாள்?"

"ரெண்டாம் நாள் ஆத்திரம்."

"நான் மறைச்சதுக்கா?"

"பின்ன? இந்த ஒழுங்கைல எந்தக் கோழி எங்க முட்ட போடுது எண்டு எனக்குத் தெரியும். வேலிக்கு அங்கால பதின்மூணு வருஷம் இவ்வளவு பெரிய சாமான வச்சிக்கொண்டு இருந்திருக்கிறாய். என்ட மூக்குக்கு என்ன வந்தது?" உண்மையாகவே புண்பட்டிருந்தாள். "வாளி ஓட்டை, அதுதான் எடுத்தன். கிண்ணத்தத் தா."

பகல் றம்லாவுக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில்.

"ஈத் முபாரக் மதினி. கிணத்த எண்ணிக் கவலப்படாதீங்க. டொக்டர் நேர என்னட்டச் சொன்னாரு, தண்ணியால வந்தது இல்ல. சரோட உடம்பு அவளயே கடிக்குது."

அந்தப் பக்கம் றம்லா: "அதெப்பிடி? ஏனாம்?"

பளீலா ஒரு கணம்தான் எடுத்தாள்.

"அவள்ட வாய் உங்களுக்குத் தெரியாதா மதினி? உடம்புக்கும் அதே குணம். ஆரயாவது கடிக்காட்டி இருக்க ஏலாது. வெளியில ஆள் கிடைக்கல."

பெரிய சிரிப்புச் சத்தம். விஷயம் முடிந்தது. இந்த ஒழுங்கையின் வானொலி தன் வாழ்நாளின் மிகப் பெரிய செய்தியை விழுங்கி, என் வாயைப் பலி கொடுத்து, மகளின் கல்யாணத்தைக் காப்பாற்றிவிட்டது.

30 மே

ஸ்டெரொயிட் வேலை செய்கிறது. கால் வற்றிவிட்டது, முகம் பூரண நிலவு. கண்ணாடியில் பார்த்தால் நான் எனக்கே வணக்கம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. பசி பயங்கரம். நேற்று ஒரு இறாத்தல் பாண் ரொட்டியைத் தனியாக முடித்தேன்.

ஒழுங்கையின் புதுக் கதை: சரோக்காவுக்கு முகம் பளபளக்கிறது, ஆலங்குடாக் கடற்கரையில் பட்டத்தில் தொங்கி அலை மேல் பறக்கும் வெள்ளைக்காரன் ஒருவனோடு தொடர்பு. இந்தக் கதையை யார் கட்டியது என்று பளீலாவைக் கேட்டேன்.

"நான்தான்" என்றாள். "சனம் கிட்னிய மறக்கோணும். அதுக்கு வேற ஒண்டு குடுக்கோணும்."

"வெள்ளைக்காரனுக்கு என்ன வயது வைச்சனி?"

"முப்பத்தி ரெண்டு."

நன்றி சொன்னேன்.

16 ஜூலை

நஸ்லாவின் கல்யாணம். நான்தான் வெளிக்கிடுத்தினேன். முக்காட்டுக்கு ஊசி குத்தும்போது என் கை நடுங்கியது, குளிசையின் வேலை. ஊசி என் விரலில் பட்டு ஒரு சொட்டு. நான் பின்னால் பாய்ந்தேன். நஸ்லா அமைதியாகப் பஞ்சை எடுத்து நீட்டி, "விரல அமத்திப் பிடிங்க சாச்சி, என்ட சாரில பட்டாத்தான் பிரச்சின. வாடக சாரி" என்றாள்.

சாப்பாட்டுக்குச் சஹன் வைத்தார்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகக் கை போட்டுச் சாப்பிடுவது. இத்தனை வருடமும் சஹன் வந்தால் எனக்கு விரதம் வரும், வயிற்றுக்குத்து வரும், மணப்பெண்ணின் கொண்டை அவிழும். ஒன்றும் ஒட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள் தெரியவந்தால், இவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டோமே என்று நினைத்துக் குமட்டுவார்களே. அந்த நினைப்புக்குத்தான் பயம். பளீலா என் தோளைப் பிடித்து அமத்தித் தனக்குப் பக்கத்தில் இருத்தினாள். இறைச்சியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள். நான் அச்சாறுக்குக் கையை நீட்ட, எல்லோருக்கும் முன்னால் கையில் ஒரு அடி.

"உப்பு! டொக்டர் என்ன சொன்னாரு?"

சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது.

7 செப்ரெம்பர்

நுரை முக்கால்வாசி போய்விட்டது. இரத்தம் நல்லது, படை எண்ணிக்கை குறையவில்லை, வைரஸ் இன்னும் வாய் திறக்கவில்லை. ஸ்டெரொயிட்டைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். முகம் மெல்ல மெல்ல என்னுடையதாகிறது. வெள்ளைக்காரன் என்னைக் கைவிட்டுவிட்டதாக ஒழுங்கையில் அனுதாபம்.

கிளினிக் நாளைச் செவ்வாயிலிருந்து வியாழனுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது தனியாகத்தான் போகிறேன். மிஸ் கதிரையை எடுத்துவிட்டார். இன்று வரிசையில் எனக்கு முன்னால் இருந்த பெண் திரும்பி என்னைக் கண்டதும் முகம் வெளுத்துப்போனார். நஸ்லாவின் மாமி றம்லா. கையில் இரத்தம் கழுவும் மெஷினுக்கு ஊசி குத்திக் குத்தித் தடித்த நரம்பு.

"பளீலாட்ட சொல்லிராதீங்க" என்று என் கையைப் பிடித்தார். நௌஃபர் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே தொடங்கிய கிட்னி வருத்தமாம். சம்பந்தம் குழம்பிவிடும் என்று மறைத்தார்களாம். நான் ஆருக்கும் சொல்லமாட்டேன் என்றேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நல்ல பழக்கம் இருக்கிறது.

பிறகு மனம் கேட்காமல், உங்கள் வீட்டுக் கிணறு எப்படி என்று கேட்டேன்.

அவர்கள் வீட்டில் கிணறே இல்லையாம். எப்போதும் குழாய்த் தண்ணீர்தானாம்.